காலண்டரில் வைக்காத புள்ளி

எங்கள் வீட்டில் என் உடம்பைப் பற்றிய சேதி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மளிகைக் கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர் அது. ஏகாதசி, அமாவாசை, மாமனாரின் திதி, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே மாதம் ஒரு தேதியின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. அது நான். புள்ளி வைப்பவர் என் மாமியார். அதிலிருந்து இருபத்தெட்டு நாள் எண்ணி, அதையொட்டி எந்த விசேஷத்தையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன பௌர்ணமியா, காலண்டர்ல போடறதுக்கு?" என்று கணவரிடம் சண்டை போட்டேன். "நான் முடி வெட்டிக்கற தேதியக்கூட அம்மா அதுலதான் எழுதுவா" என்றார் அவர். நல்ல மனிதர். ஆனால் சில விஷயங்களில் அவரோடு சண்டை போடுவதைவிட சுவரில் முட்டிக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் புள்ளி பழகிவிட்டது. ஐந்தாறு மாதத்தில் நானே அதைப் பார்த்துத்தான் என் தேதியைத் தெரிந்துகொண்டேன்.

புள்ளியில் தேதி இருந்தது. வலி இல்லை. வலியைப் பற்றி எங்கும் யாரும் குறித்து வைக்கவில்லை.

அது எனக்குப் பதின்மூன்று வயதில் லால்குடியில் ஆரம்பித்தது. வகுப்பில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் யாரோ துணி பிழிவது போல இருக்கும். ஒரு முறை பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தேன். அம்மா வந்து அழைத்துப் போனாள். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். "எல்லாருக்கும் இருக்கறதுதான். கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றாள். கல்யாணம் ஆயிற்று, சரியாகவில்லை. "கொழந்தை பொறந்தா சரியாயிடும்" என்றார்கள். வலி போக வேண்டுமானால் குழந்தை பிறக்க வேண்டும். குழந்தை ஏன் பிறக்கவில்லை என்று பார்த்தால் அதற்குக் காரணமே அந்த வலியாக இருந்தது. இதைப் பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு முப்பத்திரண்டு வயது.

மாமியார் கொடுமைக்காரர் இல்லை. மூன்று நாளும் பின்கட்டு அறையில் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு. சமையலறைக்கும் பெருமாள் அறைக்கும் போகக் கூடாது, அவ்வளவுதான். வாசலில் நின்றபடி, "நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோ" என்பார். கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்கள், "உங்களுக்கென்னங்க, மாசம் மூணு நாள் லீவு" என்று கேலி செய்வார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். அந்த மூன்று நாளும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். யாரும் என்னைத் தொடக் கூடாது என்பதால் யாரும் பக்கத்தில் வந்து பார்க்கவும் இல்லை. வலி மறைந்து வாழ அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

மார்கழியில் மட்டும் விடுதலை. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வீட்டுக்கு விலக்கானால் கோயிலுக்குப் போக முடியாது. அதனால் ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் பெண்கள் மாத்திரை போட்டு நாளைத் தள்ளிப் போடுவோம். மருந்துக் கடையில் மருந்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். "ஏகாதசிக்கா?" என்று கேட்டு அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாமியார் என் புள்ளிகளை எண்ணிப் பார்த்து, மூன்று நாள் முன்பே காப்பி டம்ளர் பக்கத்தில் அட்டையை வைத்துவிடுவார். தை மாதமும் ஏதாவது கல்யாணம், சீமந்தம் என்று வந்தால் அது தொடரும். அந்த வாரங்களில் எனக்கு வலியே இருக்காது. "மார்கழியில பெருமாள் யாரையும் நோக விடமாட்டார்" என்பார் மாமியார். நானும் நம்பினேன். காரணம் காரியம் என்று பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள், என் சொந்த வயிற்றில் அதைத் தேடவில்லை.

நான்கு வருடம் குழந்தை இல்லை. புள்ளிகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் வீட்டில் எல்லாருக்கும் சேதி சொன்னது. மாமியார் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. பென்சிலைக் கையில் எடுக்கும்போது மட்டும் பெருமூச்சு விடுவார். அதற்கு அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசியில் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். முக்காடு போட்ட, சின்ன உருவமான அம்மாள். பேச்சில் தாட்சண்யம் கிடையாது. "எத்தனை வருஷமா வலி இருக்கு? போன ஒரு வருஷத்துத் தேதியெல்லாம் சொல்லுங்க" என்றார். நான் போனை எடுத்து, காலண்டர் தாள்களைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் நின்றார்.

"டிசம்பர்ல புள்ளியே இல்லையே?"

"மாத்திரை போட்டேங்க. ஏகாதசிக்கு."

"அப்ப வலி?"

"இல்லைங்க. மார்கழியில வலிக்காது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்தார். இரு பக்கமும் குழாய், குழாயின் முனையில் முட்டைப்பை. "கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு சில பேருக்கு வெளியில வளரும். இங்க, இங்க, குடலுக்குப் பக்கத்துல. மாசாமாசம் உள்ள ரத்தம் வர்றப்ப அங்கேயும் கசியும். வெளிய வர வழி கிடையாது. அதனால புண்ணாகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். குழாய் சுருண்டுக்கும். முட்டைப்பையில கட்டி வரும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. நீங்க போட்ட மாத்திரை அந்தக் கசிவை நிறுத்தி வைக்குது. அதான் வலிக்கலை."

ஸ்கேனில் இடது முட்டைப்பையில் கட்டி தெரிந்தது. சாக்லேட் கட்டி என்று அதற்குப் பெயர். உள்ளே பழைய ரத்தம் அந்த நிறத்தில் தேங்கியிருக்குமாம். இந்தப் பெயரை வைத்தவர் என் கையில் கிடைத்திருந்தால் அன்று நடந்திருப்பதே வேறு.

"அப்ப அந்த மாத்திரையையே போட்டுக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டேன். இருபது வருட வலி அப்படிக் கேட்க வைத்தது.

"போடலாம். வலி அடங்கும். ஆனா அதைப் போடுற வரைக்கும் குழந்தை உண்டாகாது. உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க."

குழந்தை என்றேன். யோசிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போதுதான், இனி ஒவ்வொரு மாதமும் அந்த வலியை நானே கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று உறைத்தது. அப்போதும் குழந்தைதான் வேண்டும் என்றிருந்தது.

ஜூலையில் லேப்ராஸ்கோபி செய்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகத் துளை போட்டு, கட்டியை எடுத்து, ஒட்டியிருந்ததைப் பிரித்தார்கள். வலது குழாய் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "ரொம்பவும் சுரண்டலை. சுரண்டினா முட்டையும் சேர்ந்து போயிடும்" என்றார். "ஆறு மாசம் தானா உண்டாகுதான்னு பாப்போம். மறுபடி வளர்றதுக்குள்ள கிடைக்கிற நேரம் இது. அதுக்கப்புறம் ஐ.வி.எஃப். பத்திப் பேசுவோம். இந்த ஆறு மாசம் என்னைக் கேக்காம எந்த மாத்திரையும் போடாதீங்க. நாள் தள்ளிப்போனா உடனே டெஸ்ட் பண்ணுங்க." நான் நல்ல மாணவியாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளில் டாக்டர் வரைந்த படத்தைக் காட்டித்தான் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா அந்த ரூம்ல இதோடயா கெடந்த? கூப்பிட்டிருக்கப்படாதா?" என்றார். பிறகு அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டார். அடுத்த மாதம் நான் பின்கட்டு அறைக்குப் போனபோது வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து தானே என் இடுப்பில் வைத்தார். தொட்டுவிட்டோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிறகு போய்க் குளித்தார், அது வேறு.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். நான்கு புள்ளிகள். குழந்தைக்கு ஏங்குவது என்றால் தொட்டில், பொம்மை என்று பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி இல்லை. பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு குழந்தை அதன் அம்மாவின் தோளில் வாயை வைத்துத் தூங்கும், புடவையில் எச்சில் ஈரமாகப் பரவியிருக்கும். அந்த ஈரம் எனக்கு வேண்டும் என்று இருக்கும். என் புடவை எல்லாம் இஸ்திரி கலையாமல் இருந்தது.

மார்கழி வந்தது. ஆறாவது மாதம் அது. என் நாளுக்கு நான்கு நாள் முன்னால் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. மெல்லிய வலி. எனக்கு அதைத் தெரியாதா? இருபது வருடமாக வருவதற்கு முன் இப்படித்தான் சொல்லி அனுப்பும். ஒரு முறையும் பொய் சொன்னதில்லை. இந்த மாதமும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. எப்படியும் இந்த மாதம் போய்விட்டது. விலக்காகி அறையில் கிடப்பதற்குப் பதில், பத்து நாள் தள்ளிப் போட்டால், ஏகாதசியிலிருந்து பரமபத வாசல் திறந்திருக்கும் நாட்களில் போய்ப் பெருமாளிடம் நேரில் கேட்கலாம். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் அவர் சொன்னது சிகிச்சை மாத்திரைகளை. இது ஏகாதசி மாத்திரை. இப்படி ஒரு பாகுபாட்டை என் மூளை எங்கிருந்து கொண்டுவந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு கடையில் அட்டையை வாங்கி, கைப்பையில் பேனாக்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

என் தேதி வந்தது, போனது. புள்ளி விழவில்லை. மாமியார் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் வாளியைத் தூக்கப் போனேன். "வை அதை" என்று ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த நாள் கூடையில் இருந்த பப்பாளிப் பழத்தைக் காணோம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். ராத்திரி சாதத்தில் ஒரு கரண்டி நெய் அதிகமாக விழுந்தது. நான் படி ஏறினால் பின்னாலேயே நின்றார். வீட்டில் மாத்திரை இல்லை, தானே தூக்கிப் போட்டாயிற்று, ஆனாலும் நாள் தள்ளிப் போயிருக்கிறது. அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. கண் பட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல் தனக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கைப்பைக்குள் இருக்கும் அட்டைதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. பாவம், ஏமாறுகிறாரே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். நான்தான் விஷயம் தெரிந்தவள் அல்லவா.

ஏகாதசிக்கு நாலாம் நாள் மதியத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். கூட்டம் நெரிந்தது. துறையூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றது. வாசலை நெருங்க நெருங்கத் தள்ளுமுள்ளு. மாமியார் எனக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "இடிக்காதேங்கோ, இடிக்காதேங்கோ" என்று ஊரையே அதட்டினார். எனக்கு வயிற்றில் அந்த மெல்லிய வலி விடாமல் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் அடிவயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டேதான் அந்த வாசலைக் கடந்தேன். கடக்கும்போது கேட்டேன். ஒன்றே ஒன்று கொடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன், ஒன்று கொடு என்று சத்தமாகவே கேட்டேன். கூட்டத்தில் யாருக்கும் காதில் விழுந்திருக்காது.

பத்து நாள் முடிந்து மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் வர வேண்டியது வரவில்லை. ஐந்தாம் நாள் கல்லூரியில் வந்தது. எனக்கு என் வலி தெரியும். இது அது இல்லை. ஆட்டோ பிடித்து நேராகத் தில்லைநகர் போனேன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கர்ப்பமா இருந்திருக்கீங்க. ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் எண் குறைவா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுப்போம். ஆனா நிக்கலைன்னுதான் நினைக்கிறேன்."

இரண்டு நாள் கழித்து இன்னும் குறைந்திருந்தது. அன்றுதான் மாத்திரை போட்டதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "யாரைக் கேட்டுப் போட்டீங்க? டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். நான் அழுவதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "மாத்திரையாலதான் போச்சுன்னு சொல்ல முடியாதும்மா. இவ்வளவு சீக்கிரம் கலையறதுல பாதிக்கு மேல கருவுலயே குறை இருக்கும். நீங்க போடாம இருந்திருந்தாலும் போயிருக்கலாம். ஆனா நமக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணு நினைச்சுக்கங்க, தானா உண்டாச்சு. உங்க உடம்புக்கு அது முடியுது. இன்ஷா அல்லா, அடுத்தது பாப்போம்."

எனக்கு அந்த 'தெரிஞ்சிருக்கும்' மட்டும்தான் காதில் நின்றது. பன்னிரண்டு நாளோ பதினைந்து நாளோ எனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கிறது. நான் மேல் மாடி லேபுக்குப் படி ஏறி இறங்கியிருக்கிறேன், பேப்பர் திருத்தியிருக்கிறேன், பஸ்ஸில் அடுத்தவர் குழந்தையைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். இருந்த நாளில் ஒரு நாள்கூட அதற்காகச் சந்தோஷப்படவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் மாமியார். அவரைத்தான் ஏமாளி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்து மேடையில் வைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் அடுப்பை அணைத்தார். என்னை உள்ளே இழுத்து, விலக்கானவளைத் தன் சமையலறையில் தரையில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "உன் முகம் மாறித்து. காப்பி வேண்டாம்னு ரெண்டு நாள் தள்ளி வச்சே. நான் கேட்டிருக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சுண்டிருந்தேன்?" அவர் அழுதபோது நான் அவரைச் சமாதானப்படுத்தும்படி ஆயிற்று. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த வாசல்ல நீ தனியாப் போகலை. ரெண்டு பேருமாத்தான் சேவிச்சேள்."

மறு வாரம் புதுக் காலண்டர் மாட்டினார். எப்போதும் பழையதைப் புத்தகங்களுக்கு அட்டை போடக் கொடுத்துவிடுவார். இந்த முறை டிசம்பர் தாளை மட்டும் கிழித்து, மடித்து, பெருமாள் அறை டிராயரில் வைத்தார். அதில் புள்ளி இல்லை.

போன மார்கழியில் நடந்தது இது. ஐ.வி.எஃப். ஊசிகள் அடுத்த மாதம் ஆரம்பிக்கின்றன. அதில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இனிமேல் பெருமாளிடம் எதையாவது கேட்பதாக இருந்தால் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் போவேன். தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது என் கை தானாக அடிவயிற்றுக்குப் போகிறது. அன்றைக்கு அந்த வாசலில், இடிபடாமல், இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு போனேன். வலிக்கிறது என்றுதான் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் குழந்தையை நான் ஒரு தடவை அணைத்திருக்கிறேன்.